கமென்ட் வரியில் நின்ற கதவு

"பேனாவைக் கீழே வை!"

நான் போட்ட சத்தத்தில் அந்தப் பெண்ணின் கையிலிருந்து பேனா தானாகவே விழுந்துவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை முறைத்தார்.

"அம்மா, உங்களை இங்க வரவழைச்சதே நான்தான். ஞாபகம் இருக்கட்டும்."

"நல்லா ஞாபகம் இருக்கு சார். தப்பு யாரோடதுன்னு கண்டுபிடிக்கச் சொல்லி வரவழைச்சீங்க. நான் வந்து நாற்காலியில உட்காரக்கூட இல்லை, அதுக்குள்ள இவகிட்ட கையெழுத்து வாங்கறீங்க. அப்புறம் நான் எதுக்கு? ரப்பர் ஸ்டாம்ப் போதும்னா கடையில சொல்லியிருந்தா செஞ்சு கொடுத்திருப்பான்."

"அது இவ்வளவு கத்தவும் கத்தாது" என்றான் எனக்குப் பின்னால் நின்ற என் கொழுந்தன்.

என்னைப் பூச்சிக்காரி என்பார்கள். வயல் பூச்சி இல்லை, புரோகிராம் பூச்சி. யாரோ எழுதிய புரோகிராம் எங்கோ கழுத்தறுத்தால், ஏன் அறுத்தது, யாரால் அறுத்தது என்று தேடிப் பிடிப்பது என் பிழைப்பு. என் கொழுந்தனுக்கு ஓட்டைவாய் என்று பெயர். கார் ஓட்டுவான், பை தூக்குவான், மீதி நேரமெல்லாம் பேசுவான். கல்யாணத்தின்போது என் புருஷன் வீட்டார் எனக்கு வேறொன்றும் செய்யவில்லை, இவனை மட்டும் என் தலையில் கட்டினார்கள்.

விஷயம் இதுதான். இந்தக் கம்பெனி லிஃப்டுக்கு மூளை செய்கிறது. ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு புரோகிராம். கதவு மூடும்போது குறுக்கே கை வந்தால் சென்சார் சொல்லும், உடனே கதவு திரும்பத் திறக்கும். போன வாரம் ஒரு துணிக்கடையில் அது திறக்கவில்லை. பழுது பார்க்கப் போன மெக்கானிக்கின் வலது கை மாட்டிக்கொண்டது. பெட்டியின் மூளை பாதியில் செத்துவிட்டது, மோட்டார் மட்டும் சாகாமல் கதவை நெருக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கை இனி ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

மூளை எந்த இடத்தில் செத்தது என்பதைப் பெட்டி சொல்லியிருந்தது. கதவு ஃபைல், வரி 216. அந்த ஃபைலை எழுதியவள்தான் பேனாவைக் கீழே போட்டவள். ஆபீசில் எல்லோரும் அவளைக் கதவுக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் முன்னால் இருந்த காகிதத்தில் 'என் கவனக்குறைவே காரணம்' என்று அழகாக டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை போகும், போலீஸ் கேஸ் அவள் பெயரில் வரும், ஜெயில்கூட வரலாம்.

"போட்டுடறேன் மேடம்" என்றாள் குரலே இல்லாமல். "கதவு என்னோடதுதானே. நான்தான் பண்ணியிருப்பேன்."

"பண்ணியிருப்பியா, பண்ணினியா? ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாழ்க்கை இருக்கு. பார்த்துப் பேசு."

"தெரியலை மேடம். அந்த அண்ணன் கையை நினைச்சா எனக்கு எதுவுமே தெரிய மாட்டேங்குது."

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. செய்தவர்கள் இப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. செய்தவர்களுக்கு வக்கீலின் போன் நம்பர் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

"சாயங்காலம் வக்கீல் வர்றார்" என்றார் முதலாளி. "அதுக்குள்ள நீங்க பார்க்க வேண்டியதைப் பாருங்க. இவளோட தப்புதான்னு வெளி ஆள் ஒருத்தர் எழுதிக் கொடுத்தா கோர்ட்ல நிக்கும்."

"எழுதித் தர்றேன் சார். என்னன்னு எழுதணும்கறதை நான் முடிவு பண்றேன்."

கதவுக்காரியின் மேஜைக்குப் போனோம். முதலாளியும் விடாமல் பின்னாலேயே வந்தார். அவள் கதவு ஃபைலைத் திறந்து 216-ஆம் வரிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் குனிந்து பார்த்தேன். வரி 214-இல் சென்சாரைப் படிக்கிற உத்தரவு. வரி 217-இல் கை இருந்தால் கதவைத் திறக்கிற உத்தரவு. நடுவில் இரண்டு வரி இப்படி இருந்தது:

// கை இருக்கலாம்.
// அவசரப்படாதே.

"என்ன அண்ணி இது, லாரிக்குப் பின்னாடி எழுதியிருக்கற மாதிரி இருக்கு!" என்றான் ஓட்டைவாய்.

"பார்த்தீங்களா?" முதலாளி கையைத் தட்டினார். "ஒருத்தனோட கை போற இடத்துல புரோகிராம் எழுதச் சொன்னா புத்திமதி எழுதி வச்சிருக்கா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"சார், இது ரெண்டும் கமென்ட். கமென்ட்னா மனுஷன் மனுஷனுக்கு எழுதற குறிப்பு. மெஷின் அதைப் படிக்கறதே இல்லை. படிக்காத வரியில அது எப்படி சார் சாகும்?"

"நம்பர் ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன சொல்லும். இந்த மொழியே ஒரு கோணல் மொழி. என் மாப்பிள்ளையோட கண்டுபிடிப்பாச்சே, வேற எப்படி இருக்கும்! மேலயும் கீழயும் பாருங்க, எல்லா வரியும் இவ எழுதினதுதானே?"

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆபீசில் பெட்டிக்கான புரோகிராமை யாரும் நேராக சி மொழியில் எழுதுவதில்லை. முதலாளியின் மாப்பிள்ளை சொந்தமாக ஒரு மொழி செய்திருக்கிறார். பெயரே மாப்பிள்ளை மொழிதான். அதில் எழுதுவதற்கு மேல் ஃபைல் என்கிறார்கள். மாப்பிள்ளை செய்த கருவி அதைப் படித்து சி மொழிக்கு மாற்றும், அது கீழ் ஃபைல். பெட்டிக்குள் போவது கீழ் ஃபைலிலிருந்து பிறந்த குழந்தை. ஆனால் பிழை வந்தால் நமக்குச் சொல்லப்படுவது மேல் ஃபைலின் வரி நம்பர். அதற்காகக் கருவி கீழ் ஃபைலில் அங்கங்கே ஒரு பலகை மாட்டிக்கொண்டே போகும். 'இதற்கு அடுத்த வரி மேலே 214' என்று ஒரு பலகை, கொஞ்சம் தள்ளி 'அடுத்தது 217' என்று இன்னொன்று. கமென்ட்டைக் கருவி தூக்கிப் போட்டுவிடும். அதனால் 215, 216 என்ற நம்பர் கீழே யாருக்குமே வரக் கூடாது.

வராத நம்பர் வந்திருக்கிறது. எனக்கு இருந்த ஒரே நூல் அதுதான்.

கருவியை ஓட்டி, வந்த புரோகிராமைப் புதுப் பெட்டி ஒன்றில் இறக்கி, சென்சாருக்கு முன்னால் என் கையையே நீட்டிப் பார்த்தேன். எத்தனை தடவை நீட்டினாலும் சமர்த்தாகத் திறந்தது.

"திறக்கும், ஏன் திறக்காது?" என்றார் முதலாளி. "விபத்து நடந்த அன்னைக்கே இவ ஃபைலைத் திறந்து எதையோ மாத்தி சேவ் பண்ணிட்டா. தேதி இருக்கு, பாருங்க. சாட்சியை அழிச்சுட்டா."

கதவுக்காரி தலையை நிமிர்த்தவில்லை. "எழுத்துப்பிழை மேடம். 'அவசரபடாதே'ன்னு ப் விட்டுட்டு எழுதியிருந்தேன். தப்பு எங்க, தப்பு எங்கன்னு தேடிக்கிட்டே இருந்தேன், அது ஒண்ணுதான் கண்ல பட்டுது. திருத்திட்டேன்."

ஒரு மனிதனின் கை போயிருக்கிறது, இவள் ஒற்று விட்டுப்போனதைத் திருத்தியிருக்கிறாள். அவளை உலுக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மாப்பிள்ளையின் அறைக்குப் போனேன்.

கதவைத் தட்டவில்லை. மனிதர் கம்ப்யூட்டர் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"ஒரே கேள்வி" என்றேன். "உங்க கருவி கமென்ட் வரிக்கு நம்பர் பலகை மாட்டுமா?"

"மாட்டாது."

"216 கமென்ட் வரிங்கறது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார்.

"அன்னைக்கே தெரியும், இல்லையா? அந்த மொழியைப் பெத்தவர் நீங்க. கமென்ட்ல மெஷின் சாகாதுன்னு உலகத்துல வேற யாருக்குத் தெரியாட்டியும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஊமையா உட்கார்ந்திருக்கீங்க."

"என் கருவியிலதான் பிழைன்னு நினைச்சேன் மேடம்." அவர் கம்ப்யூட்டரைக் காட்டினார். "பலகையை இடம் மாத்தி மாட்டுதோன்னு. தேடறேன், கிடைக்கலை. கிடைக்கறதுக்கு முன்னாடி வாயைத் திறந்தா, மாமா எல்லார் முன்னாடியும், உன் மொழி ஒரு மொழியான்னு..."

"மாமனார் முன்னாடி உங்க தலை குனியக் கூடாதுன்னு அவ தலையைக் கொடுத்தீங்களா? வெட்கமா இல்லை?"

"இருக்கு."

அப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு வைத்திருந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"அன்னைக்குப் பெட்டியில இருந்த கீழ் ஃபைல் எனக்கு வேணும்."

"அது போச்சு மேடம். கீழ் ஃபைலை யாரும் எடுத்து வைக்கறதில்லை. மேல் ஃபைல் மாறினா கருவி பழைய கீழ் ஃபைலை அழிச்சுப் புதுசா எழுதிடும். அவ அந்த எழுத்துப்பிழையைத் திருத்தினாளே, அப்பவே போயிருக்கும்."

"மேல் ஃபைல் மாறலைன்னா?"

"மாறலைன்னா கருவி கீழ் ஃபைலைத் தொடாது. எது புதுசுன்னு தேதியைப் பார்க்கும். கீழ இருக்கறது புதுசா இருந்தா, நமக்கு வேலை இல்லைன்னு போயிடும்."

கீழ் ஃபைல் அழிந்தாலும், அதிலிருந்து பிறந்த குழந்தை அந்தப் பெட்டிக்குள் இன்னும் இருக்க வேண்டும்.

"அந்தப் பெட்டி எங்க?"

"மெக்கானிக்கோட மனைவிகிட்ட. லிஃப்டுலேர்ந்து கழட்டினதும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. யார் போய்க் கேட்டாலும் கொடுக்கலை."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். நான் யார் என்று சொன்னதுமே எழுந்து நின்றாள்.

"கம்பெனி ஆளா? போங்க. என் புருஷன் கையைத் தின்ன பெட்டி இது. இதைக் கொடுத்தா துடைச்சு வச்சுட்டு, ஒண்ணுமே நடக்கலைம்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்றது சரிதான் தங்கச்சி. கொடுக்காதீங்க" என்றேன்.

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, நான் கேட்டாலும். உங்க மடியிலேயே இருக்கட்டும். ஒரு ஒயரை மட்டும் சொருகிக்கறேன். எழுத மாட்டேன், படிக்க மட்டும்தான் செய்வேன். நீங்க பார்த்துக்கிட்டே இருங்க. சந்தேகம் வந்தா ஒயரைப் பிடுங்கிடுங்க."

"என்னையும் சேர்த்துப் பிடுங்கலாம், ஆட்சேபணை இல்லை" என்றான் ஓட்டைவாய். "நான் இவங்க கொழுந்தன். எனக்கும் தினம் இந்தக் கத்தல்தான்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தாள். பையின் வாயை விரித்தாள்.

பெஞ்சுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, பெட்டியையும் அதையும் ஒயரால் இணைத்தேன். டீபக்கரைத் திறந்தேன். புரோகிராமை நிறுத்தி, ஒவ்வொரு படியாக உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுகிற சாமான் அது. நல்லவேளை, பின்னால் பழுது பார்ப்பதற்கு வசதியாக, புரோகிராமோடு அதிலுள்ள பெயர்களின் அட்டவணையையும் சேர்த்தே பெட்டியில் இறக்குவது இந்தக் கம்பெனி வழக்கம்.

பெயர்கள் வரிசையாகத் திரையில் ஓடின. மாப்பிள்ளையின் கருவி எந்தப் பெயரையும் சும்மா விடாது. முன்னால் இரண்டு எழுத்து, பின்னால் ஒரு நம்பர் ஒட்டித்தான் கீழே அனுப்பும். கதவு என்று எழுதினால் கீழே போகும்போது வாலும் கொம்பும் முளைத்துவிடும்.

"ஜெயில்ல பெயர் கூப்பிடற மாதிரி இருக்கு அண்ணி" என்று ஓட்டைவாய் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "எல்லாருக்கும் கைதி நம்பர். நடுவுல நம்பர் இல்லாம நிக்கறது யாரு, பாப்பா?"

"என்ன பாப்பா?"

"அதோ. இங்கிலீஷ் எழுத்துல பாப்பா. கீழ பாப்பா2."

பாப்பாவுக்குக் கொம்பும் இல்லை, வாலும் இல்லை; பாப்பா2-க்கும் கொம்பு இல்லை. என் விரல் அப்படியே நின்றது. வரி 216 எங்கே என்று டீபக்கரிடம் கேட்டேன். காட்டியது. கமென்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வகுத்தல் கணக்கு இருந்தது. பாப்பா வகுத்தல் பாப்பா2.

செத்த நொடியில் பெட்டி குறித்து வைத்திருந்ததில் பாப்பா2 எவ்வளவு என்று பார்த்தேன். பூஜ்ஜியம்.

"அடப்பாவி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன? எனக்கும் சொல்லுங்க" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

"சொல்றேன் தங்கச்சி. யாரோ ஒருத்தர் கருவி எழுதின ஃபைலுக்குள்ள கையை விட்டு, நடுவுல ரெண்டு வரி சொருகியிருக்காங்க. சென்சார் கையைப் பார்த்ததும் கதவைத் திறக்காம, முன்னாடி பார்த்ததையெல்லாம் கூட்டி சராசரி எடுக்கச் சொல்லியிருக்காங்க. கதவு நகர ஆரம்பிச்ச உடனேயே கை குறுக்க வந்தா, முன்னாடி பார்த்ததுன்னு ஒண்ணுமே இருக்காது. எண்ணிக்கை பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால வகுக்கச் சொன்னா மெஷின் அங்கேயே செத்துடும்."

"அப்ப அந்தக் கதவு எழுதின பொண்ணு?"

"அவளுக்கு இது தெரியவே தெரியாது. 214-னு பலகை தொங்கற இடத்துல புகுந்ததால, சொருகின ரெண்டு வரிக்கும் 215, 216-னு அவளோட நம்பர் விழுந்திருக்கு. அவ வீட்டு நம்பரைத் தன் வாசல்ல மாட்டிக்கிட்டு எவனோ குடியிருந்திருக்கான். போலீஸ் அவ வீட்டைத் தட்டுது."

அவள் பையை மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் அந்தப் பொண்ணை என் வாயால சபிச்சிருக்கேன். நாசமாப் போவேன்னு சொன்னேன், அது அழுதுக்கிட்டே நின்னுச்சு." பையின் வாயை முடிச்சுப் போட்டுவிட்டுக் கேட்டாள். "பின்ன யாரு?"

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் எங்க இருக்குன்னு பார்த்துட்டு வந்து உங்ககிட்ட சொல்றேன்."

காரில் ஏறியதும் ஓட்டைவாய் சாவியைப் போடாமல் திரும்பினான்.

"அண்ணி, காலையில ரிசப்ஷன்ல அந்த அம்மாகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்."

"தெரியும். நீ எந்த ரிசப்ஷன்ல பேசாம இருந்திருக்கே?"

"முதலாளிக்கு ஒரே பொண்ணு. வீட்ல அந்தப் பொண்ணுக்குப் பெயர் என்ன தெரியுமா? பாப்பா."

"யாரு, மாப்பிள்ளையோட பொண்டாட்டியா?"

"அவங்களேதான்."

எனக்குக் காதில் புகை வராத குறை. வெட்கமாக இருக்கிறது என்று சொன்னானே, அந்த முகத்தை நம்பித் தொலைத்தேனே! தன் கருவி எழுதிய ஃபைலில் தானே கையை வைத்து, அடுத்தவள் மாட்டிக்கொண்டதும் கண்ணுக்குக் கீழே கறுப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "வண்டியை எடுடா" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கார்க்காரன் தன் வண்டியை எடுத்துவிட்டான்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது வக்கீல் வந்துவிட்டிருந்தார். முதலாளி, மாப்பிள்ளை, கதவுக்காரி எல்லோரும் அதே மேஜையைச் சுற்றி இருந்தார்கள். காகிதத்தில் கையெழுத்து விழுந்திருந்தது. மை இன்னும் பளபளத்தது.

"போட்டுட்டியா?" என்றேன்.

"போட்டுட்டேன் மேடம்."

லேப்டாப்பை மாப்பிள்ளையின் முன்னால் டமால் என்று வைத்தேன்.

"பாப்பா யாரு?"

"என் மனைவியை வீட்ல அப்படி..."

"உங்க மனைவிக்குக் கீழ் ஃபைல்ல என்ன வேலை? அதுவும் கை மாட்டற இடத்துல?"

அவர் திரையைப் பார்த்தார். அவர் உதடுகள் அந்தக் கணக்கை ஒருமுறை தமக்குள் போட்டுப் பார்த்தன. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு மூச்சுதான் வந்தது, ஒரு வாரமாக அடைத்திருந்தது திறந்தாற்போல.

"அப்ப என் கருவியில பிழை இல்லை" என்றார்.

"கருவி கிடக்கட்டும். நீங்கதானே இதைச் சொருகினது?"

"நானா? நான் எதுக்கு மேடம் கீழ போகணும்? மொழியே என்னோடது. எனக்கு ஒண்ணு வேணும்னா மேலயே எழுதுவேன். இந்த ஆபீஸ்ல எல்லாரும் மேலதான் எழுதுவாங்க. மேல எழுத மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கறவங்கதான் கீழ போவாங்க." அவர் நிறுத்தினார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அதோட, நான் அவளைப் பாப்பான்னு கூப்பிட்டதே இல்லை. அவளை அப்படிக் கூப்பிடறது அவங்க அப்பா மட்டும்தான்."

எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அது... ஒரு சின்னத் திருத்தம்" என்றார். "துணிக்கடைக்காரன் தினம் போன்ல உயிரை வாங்கினான். ஒரு சால்வை நுனி பட்டாக்கூடக் கதவு திறந்துக்குதாம். சராசரி எடுத்தா சரியாயிடும்."

"மேல் ஃபைல்ல எழுதச் சொல்லி இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எதுக்கு? வாழ்நாள் பூரா சி எழுதினவன் நான். இந்தக் கம்பெனியை சி-யிலதான் கட்டினேன். ரெண்டு வரி எழுத மாப்பிள்ளையோட மொழியைப் போய் நான் படிக்கணுமா? உன் மொழியில இதை எப்படி எழுதறதுன்னு இவன்கிட்ட நிக்கணுமா?"

"கீழ் ஃபைலோட தலையிலேயே 'இதில் கை வைக்காதே'ன்னு எழுதியிருக்கு சார்."

"அது மத்தவங்களுக்கு."

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்" என்றான் ஓட்டைவாய். அவன் குரலில் கேலியே இல்லை.

"விபத்துக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமே? கை வச்சேன்னு ஒரு வார்த்தை?" நான் அந்தக் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினேன். "இவ முகத்தைப் பார்த்துக்கிட்டே பேனாவை நீட்டினீங்களே சார்!"

"நம்பர் அவ வரியைக் காட்டுச்சு!" அவர் மேஜையைக் குத்தினார். "நான் எழுதினதுல தப்பு வரும்னு எனக்குத் தோணவே இல்லை."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

வக்கீல் தன் பேனாவை மூடி சட்டைப் பையில் செருகினார். முதலாளி காகிதத்தை எடுத்துக் கதவுக்காரியின் பக்கம் தள்ளினார். "சரிம்மா, ஆனது ஆச்சு. இந்தா, நீயே கிழிச்சுடு. உன் மேல எதுவும் வராது. விஷயம் நமக்குள்ள இருக்கட்டும், எல்லாருக்கும் அதுதான் நல்லது."

அவள் காகிதத்தைத் தொடவில்லை. திரையில் இருந்த அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தக் கீழ் ஃபைலை வேற பெட்டியில இறக்கினீங்களா?"

"என்ன?"

"துணிக்கடையில மட்டும்தானா? வேற எங்கயாவது?"

முதலாளி டைரியைக் கையில் எடுத்தார். "புகார் சொன்னது ரெண்டு பேர்" என்றார் மெதுவாக. "இன்னொண்ணு ஒரு பள்ளிக்கூடம். அன்னைக்கே அங்கயும் இறக்கினேன்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் அவள் எழுந்தாள்.

"அது ஓடிக்கிட்டு இருக்கா?"

ஆமாம் என்று முதலாளி தலையாட்டினார்.

"இத்தனை நாளும் ஓடிக்கிட்டு இருக்கா? நான் சாப்பிடாம, தூங்காம, என் தப்பு, என் தப்புன்னு அழுதுக்கிட்டு இருந்தேன். என் தப்புன்னு நீங்க முடிவு பண்ணிட்டதால யாருமே அப்புறம் தேடலை. அந்தக் கதவு பிள்ளைங்க நடுவுல திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்திருக்கு!"

"கத்தாதேம்மா, வக்கீல் சார் இருக்கார்."

"கத்துவேன்! நீங்க கையெழுத்து கேட்டப்ப நான் கத்தியிருக்கணும். மொழியையே செஞ்ச இவர், கமென்ட்ல மெஷின் சாகாதுன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே, அப்ப கத்தியிருக்கணும். நகருங்க."

மாப்பிள்ளை நகர்ந்தார். வக்கீலும் நகர்ந்தார். அவள் முதலாளியின் மேஜை போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நம்பர்" என்றாள். முதலாளி டைரியைப் புரட்டிச் சொன்னார். அவர் விரல் இரண்டு பக்கத்தைத் தவறாகப் புரட்டியது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் நான் அந்த அறையில் யாரையும் திட்டவில்லை. எனக்கு அது தோன்றக்கூட இல்லை.

யாரோ எடுத்தார்கள்.

"லிஃப்டை நிறுத்துங்க. இப்பவே. மெயின் சுவிட்சை அணைங்க. முதல்ல உள்ள யாராவது இருக்காங்களான்னு பாருங்க, இருந்தா கதவு முழுசாத் திறந்தப்புறம் வெளிய கூட்டிட்டு வாங்க, கையை நீட்டி மட்டும் பிடிக்காதீங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் முதுகு நிமிர்ந்தது. "யாரா? அந்தக் கதவை எழுதினவ பேசறேன்."

மறுபடி ஏதோ கேட்டார்கள்.

"இல்லை, அப்புறமா கூப்பிட மாட்டேன். நான் லைன்லயே இருக்கேன். நீங்க போய் அணைச்சுட்டு வந்து சொல்லுங்க."